தரிசில் ஒரு தானியக் களஞ்சியம்

ஓசூரிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டின் எல்லை முடியும் இடத்தில் இருக்கிறது ஜூஜுவாடி. அதைக் கடந்தால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். சிப்காட் நிறுவனம் 1970களில் ஓசூரில் தொழிற்பேட்டை அமைக்கத் தொடங்கியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று நாடறிந்த பொருள்கள் பல இங்கிருந்து புறப்பட்டன. ஓசூர் வட்டம் முன்பு சேலம் மாவட்டத்திலும், 1965 முதல் தருமபுரி மாவட்டத்திலும் இருந்தது. 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. இவ்வளவும் ஒரு தலைமுறையின் நினைவுக்குள் அடங்கும் மாற்றம்.

தொழிற்சாலைகளுக்கு முன் இங்கே என்ன இருந்தது என்று கேட்டால், கேழ்வரகும் அவரையும் விளைந்த மானாவாரிக் கொல்லைகளைச் சொல்வார்கள். அவற்றுக்கு இடையே இருந்த புல்வெளியைக் கேட்டால், "அது வெறும் தரிசு" என்று பதில் வரும். அந்த வெறும் தரிசு எதைச் சுமந்திருந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். ஏனெனில், நம் நாட்டுப் பூச்சிகளைப் பற்றிய அறிவின் பெரும் பகுதி அடர்ந்த காடுகளில் பிறந்ததன்று. உழாத நிலத்திலும், தோட்டத்திலும், வீட்டுச் சன்னலிலும் பிறந்தது அது. இதற்குச் சான்றாக ஓர் எறும்பின் கதையைப் பார்ப்போம்.

ஐரோப்பாவின் ஐயம்

எறும்பு கோடையில் தானியம் சேர்த்து வைக்கும் என்பது பண்டைய உலகில் எல்லோரும் அறிந்த செய்தி. எபிரேய மறைநூலிலும் கிரேக்கக் கதைகளிலும் அது உண்டு. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர்கள் எறும்புப் புற்றுகளைத் தோண்டிப் பார்க்கத் தொடங்கியபோது, அங்கே தானியமே இல்லை. வில்லியம் கூல்ட் என்பவர் 1747-இல் இங்கிலாந்தின் எறும்புகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்நாட்டு எறும்புகள் எதையும் சேமிப்பதில்லை என்று கண்டார். 1810-இல் சுவிட்சர்லாந்தின் பியேர் ஹூபரும் அதே முடிவுக்கு வந்தார். முன்னோர்கள், எறும்பு தன் கூட்டுப்புழுக்களைத் தூக்கிச் செல்வதைப் பார்த்துவிட்டு அரிசி என்று எண்ணிவிட்டார்கள் போலும் என்று விளக்கமும் சொல்லப்பட்டது.

அவர்கள் பார்த்ததில் பிழை இல்லை. குளிர் நாடுகளில் எறும்புகள் பனிக்காலத்தில் உறங்கிக் கிடக்கின்றன. அவற்றுக்குக் களஞ்சியம் எதற்கு? குளிர் நாட்டில் கண்டதை உலகம் முழுவதற்கும் பொருத்தியதுதான் பிழை.

இதை முதலில் உடைத்தது பூனாவில் ஒரு தரிசு நிலம். வில்லியம் ஹென்றி சைக்ஸ் என்னும் படை அதிகாரி, 1820களில் பம்பாய் அரசாங்கத்தின் புள்ளிவிவரப் பணியில் தக்காணம் முழுவதும் சுற்றியவர். ஒரு நாள் காலை நடையின்போது, அணிவகுப்புத் திடலுக்கு அருகே உழாமல் கிடந்த நிலத்தில், சிறுசிறு குவியல்கள் இருபதுக்கும் மேல் இருப்பதைக் கண்டார். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி அளவு புல்விதை இருந்தது. நூற்றுக்கணக்கான எறும்புகள் நிலத்தடியிலிருந்து விதைகளை மேலே கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தன. மழையில் நனைந்த சேமிப்பை முதல் வெயில் கண்டதும் உலர்த்துகின்றன என்று சைக்ஸ் புரிந்துகொண்டார். புல் விதை முற்றுவது தை, மாசியில். மழை தொடங்குவது ஆனியில். அப்படியானால் அந்த விதை பல மாதங்களாக நிலத்தடியில் பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டும்.

1835-இல் இலண்டன் பூச்சியியல் கழகத்தின் ஏட்டில் சைக்ஸ் இதை வெளியிட்டார். அவ்வெறும்புக்கு அவர் வைத்த இனப்பெயர் "பிராவிடென்ஸ்", அதாவது முன்னறிந்து சேர்த்து வைப்பது. நான்கு ஆண்டுகள் கழித்து வெஸ்ட்வுட் என்னும் அறிஞர் அதற்கெனவே "பெய்டோல்" என்ற பேரினத்தை உண்டாக்கினார். கிரேக்க மொழியில் சிக்கனம் என்னும் பொருளுள்ள சொல் அது. இன்று இப்பேரினத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. உலகின் மிகப் பெரிய எறும்புப் பேரினங்களுள் ஒன்று. அமெரிக்க அறிஞர் எட்வர்டு வில்சன் 2003-இல் வெளியிட்ட பெருநூலில் அமெரிக்கக் கண்டங்களிலுள்ள பெய்டோல் இனங்களாக மட்டும் 624-ஐ விவரித்தார். இத்தனைக்கும் மூல இனம், அதாவது பேரினத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் அடையாள இனம், பூனாவின் உழாத நிலத்தில் கண்ட அந்த எறும்புதான்.

பெய்டோல் எறும்புக் கூட்டில் இரு வகை வேலைக்காரிகள் உண்டு. ஒன்று சிறிய உடலும் சாதாரணத் தலையும் உடையது. மற்றதற்கு உடலுக்குச் சற்றும் பொருந்தாத பெரிய தலை. அத்தலைக்குள் இருப்பது பெரும்பாலும் தாடையை இயக்கும் தசை. சிறியவை சுமந்து வரும் விதையைப் பெரியவை பாக்குவெட்டி போல் உடைத்துத் தருகின்றன.

சைக்ஸ் துரையைப் பற்றி இன்னொரு வேடிக்கையும் உண்டு. வேறோர் எறும்பினம் அவர் வீட்டில் மேசைமேல் வைத்த இனிப்பை விடாமல் தாக்கியது. மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினார்; பயனில்லை. சுவரிலிருந்து மேசையை நகர்த்தினார். எறும்புகள் சுவரில் மேலே ஏறி, இனிப்புக்கு நேராக வந்து, பிடியை விட்டுக் கீழே விழுந்தன. இதையும் அவர் ஆராய்ச்சிக் கட்டுரையிலேயே எழுதிவைத்தார். வீட்டுத் தொல்லையையும் கவனித்துக் குறித்த அந்தப் பழக்கம் நமக்கு நல்லதாகப் போயிற்று.

ஜெர்டனின் கோசு விதைகள்

அடுத்தவர் நம் மாகாணத்துக்காரர் எனலாம். தாமஸ் ஜெர்டன் சென்னைப் படையில் மருத்துவராக வேலை பார்த்தவர். நெல்லூரிலும் தலைச்சேரியிலும் பணியாற்றினார். பறவைகளைப் பற்றிய நூல்களுக்காகவே பெரும்பாலோர் அவரை அறிவர். 1851-இல் சென்னை இலக்கிய அறிவியல் ஏட்டில் தென்னிந்திய எறும்புகளின் பட்டியல் ஒன்றை அவர் வெளியிட்டார். ஏறக்குறைய ஐம்பது இனங்கள் அதில் உள்ளன.

சைக்ஸ் புல்வெளியில் கண்டதை ஜெர்டன் தோட்டத்தில் கண்டார். கோசு, முள்ளங்கி, கேரட், தக்காளி விதைகளை நாற்றங்காலில் தூவினால் எறும்புகள் வாரிக்கொண்டு போய்விடும். விதைத் தொட்டிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடாவிட்டால் ஒரே இரவில் முழுவதும் காலியாகிவிடும் என்பது ஒவ்வொரு தோட்டக்காரரும் பட்டு அறிந்த செய்தி என்று எழுதுகிறார். அவருடைய அறைக்குள் வைத்திருந்த விதைப் பொட்டலங்கள்கூட, அவர் அறியுமுன்பே வெறும் பொட்டலங்களாகியிருந்தன. மழைக்காலம் முடியும் தறுவாயில் எறும்புகள் விதைகளை வெளியே கொண்டுவருவதையும் பார்த்தார். ஆனால் சில இடங்களில் அக்குவியல் விதையன்று, வெறும் உமி என்றும் நுட்பமாகக் குறித்தார். இத்தனை பார்த்தும், எறும்பு அவ்விதைகளைத் தின்கிறதா, குஞ்சுப் புழுக்களுக்கு ஊட்டுகிறதா என்று தமக்குத் தெரியவில்லை என எழுதியது அவருடைய நேர்மை.

ஐரோப்பா முழுமையாக நம்பியது 1873-இல். ஜான் மாக்ரிட்ஜ் என்னும் இளைஞர், நோய்க்கு ஓய்வாக மத்தியதரைக் கடற்கரையில் தங்கியிருந்தபோது, அங்குள்ள எறும்புகளின் புற்றுகளைத் தோண்டிக் களஞ்சியங்களைக் கண்டு நூல் எழுதினார். ஈர மண்ணுக்குள் இருந்தும் அவ்விதைகள் பெரும்பாலும் முளைப்பதில்லை. முளைத்தாலும் எறும்புகள் முளைவேரைக் கடித்துவிட்டு வெயிலில் காயவைக்கின்றன என்று காட்டினார். சைக்ஸையும் ஜெர்டனையும் முன்னோடிகளாக அவர் எடுத்துக்காட்டியது ஈண்டு குறிப்பிடத்தக்கது.

ஜெர்டனின் பட்டியலில் வேறு இரண்டு எறும்புகள் பின்னாளில் பெரும் புகழ் பெற்றன. அவை நம் எறும்பின் கதைக்குச் சற்று வெளியே நின்றாலும், ஒரு பட்டியலின் மதிப்பை அறிய உதவும்.

ஒன்று துள்ளும் எறும்பு. ஹார்பெக்னாதஸ் சால்டேடர் என்பது அதன் இன்றைய பெயர். நீண்ட தாடையும் பெரிய கண்ணும் கொண்டு, இரையைத் தாவிப் பிடிக்கும். ராணி இறந்தால் வேலைக்காரிகள் உணர்கொம்புகளால் ஒன்றோடொன்று போட்டியிடும். வென்ற சில, முட்டையிடும் நிலைக்கு உயரும். அவற்றின் ஆயுள் சில மாதங்களிலிருந்து சில ஆண்டுகளாக நீளும். மூளையோ நான்கில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். பழைய வேலைக்குத் திரும்பச் செய்தால் மூளை மீண்டும் வளர்வதாக 2021-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். 2010-இல் எறும்புகளில் முதன்முதலாக மரபணுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்ட இரண்டு இனங்களுள் இதுவும் ஒன்று. வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் வளரும் இவ்வெறும்புகளின் மூதாதைகள் கர்நாடகத்திலிருந்து சென்றவை.

மற்றொன்று நீண்ட காலுடைய மஞ்சள் எறும்பு. பைத்திய எறும்பு என்று உலகம் அழைப்பது இதைத்தான். ஜெர்டன் இதற்கு "லாங்கிபெஸ்" என்று பெயர் வைத்தார். அப்பெயர் வேறோர் எறும்புக்கு முன்பே வைக்கப்பட்டிருந்ததால், பிற்காலத்தில் "கிராசிலிபெஸ்" என்ற பெயர் நிலைத்தது. கப்பல் சரக்குகளுடன் வெப்பமண்டலத் தீவுகளுக்கெல்லாம் பரவிய இவ்வெறும்பு, கிறிஸ்துமஸ் தீவில் இலட்சக்கணக்கான சிவப்பு நண்டுகளை அழித்தது. அங்கே அதற்குத் தேன்போன்ற கழிவைச் சுரந்து உணவளித்த செதிள் பூச்சியை ஒடுக்க, 2016-இல் மலேசியாவிலிருந்து ஒரு நுண்குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். 2022-இல் நத்தம் அருகே கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் ஆடுமாடுகளையும் மக்களையும் அலைக்கழித்ததும் இதே இனம். பழைய பட்டியலில் ஒரு வரியாக இருக்கும் பூச்சி, என்றைக்கு அவசரச் செய்தியாகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜெர்டன் பார்த்து விவரித்த எறும்புகளின் மூல மாதிரிகள் எந்தக் காட்சியகத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை. எழுத்து மட்டுமே எஞ்சியது. எழுத்தை வைத்துக்கொண்டு எறும்பைத் தேடிப்போக வேண்டும். தேடிப் போகும் இடத்தில் அந்த நிலமும் இருக்க வேண்டும்.

கரம்பை நிலத்துப் புல்லரிசி

இந்த இருவருக்கும் முன்பே, 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்தவர் யோகான் கோனிக். லின்னேயஸின் மாணவர். 1779-இல் தஞ்சைப் பகுதிக் கறையானைப் பற்றி விரிவாக எழுதினார். ஈசல் பிடிக்கும் முறையை அவர் சொல்வதைப் பாருங்கள்: புற்றின் காற்று வரும் பக்கத்தில் ஒரு துளை, எதிர்ப்பக்கத்தில் இன்னொரு துளை, எதிர்ப்பக்கத்துத் துளையில் வாசனைத் தழை தடவிய பானை, காற்றுப் பக்கத்தில் புகை. ஈசல்கள் பானைக்குள் வந்து விழும். அவற்றை மாவுடன் சேர்த்துப் பண்டம் செய்து விற்பார்கள். இதெல்லாம் கோனிக் தாமாகக் கண்டுபிடித்ததா? புகையையும் காற்றையும் தழையையும் அவருக்குக் காட்டித் தந்தவர்கள் அவ்வூர் மக்கள். அவர்களுடைய பெயர் அக்கட்டுரையில் இல்லை. தரங்கம்பாடியிலிருந்து சென்ற பூச்சிகளுக்கு ஐரோப்பாவில் ஃபாப்ரீஷியஸ் என்னும் டேனிஷ் பேரறிஞர் பெயர் சூட்டினார். நம் கட்டெறும்பு அவரிடம் 1787-இல் பெயர் பெற்றது.

தானியம் சேர்க்கும் எறும்புக்கு இன்னும் பழைய சான்று ஒன்று நம்மிடம் இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பு ஒன்று வருகிறது. அங்குள்ள பெண்கள், இரும்புப் பூண் கட்டிய கோலால் கரம்பை நிலத்தைக் குத்திக் கிளறி, புழுதி படிய, மண்ணிலிருந்து புல்லரிசியை எடுக்கிறார்கள். நிலத்தில் குழித்த உரலில் குற்றிச் சமைக்கிறார்கள். புல்லின் விதை புல்லின் நுனியில் அல்லவா இருக்கும்? அதைக் கொய்யாமல் ஏன் கடப்பாறை போன்ற கோலால் நிலத்தைக் கிளற வேண்டும்? நிலத்தடியில் அதை ஒரே இடத்தில் குவித்து வைத்தவர் யார்? எறும்பு சேர்த்த புல்லரிசி என்று உரை சொல்பவர்கள் உண்டு. அதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. அது சரியென்றால், ஹூபரைக் குழப்பிய கேள்விக்கும், ஜெர்டன் விடை காணாமல் விட்ட கேள்விக்கும் எயிற்றியர் விடை அறிந்திருந்தார்கள். களஞ்சியம் எங்கே, எந்தப் பருவத்தில் நிறைந்திருக்கும் என்பது அவர்களுக்கு உணவுக் கணக்கு.

கரம்பை என்றால் சாகுபடி செய்யாத வறண்ட நிலம். பூனாவில் சைக்ஸ் கண்டதும் அத்தகைய நிலமே. இரண்டு சான்றுகளும் ஒரே வகை நிலத்தில் வந்து சேர்வது தற்செயல் அன்று. உழுத நிலத்தில் புற்று ஆண்டுதோறும் கலைந்துவிடும். அடர்ந்த காட்டில் வெயிலும் புல்விதையும் குறைவு. மேய்ச்சலுக்கு விடப்பட்ட திறந்த புல்வெளியே இவ்வெறும்பின் தாயகம்.

பயிருக்குப் பகையா, இல்லையா?

இருபதாம் நூற்றாண்டில் பூச்சியியல் கோயம்புத்தூருக்கு வந்தது. வேளாண் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் அங்கே வளர்ந்தன. பெயின்பிரிஜ் பிளெட்சர் 1914-இல் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி ஒரு பெரு நூலை வெளியிட்டார். டி. வி. இராமகிருஷ்ண ஐயரின் தென்னிந்தியப் பொருளாதாரப் பூச்சியியல் கையேடு 1940-இல் வந்தது. இன்றும் மேற்கோள் காட்டப்படும் நூல்கள் இவை.

ஆனால் நோக்கம் மாறிவிட்டது. பஞ்சத்தைக் கண்ட நாட்டில், பயிரைத் தின்பது எது, அதைத் தின்பது எது என்ற கேள்வி முதலில் நின்றதைக் குறை சொல்ல முடியாது. அதன் விளைவாக, பயிரோடு தொடர்பில்லாத பூச்சி ஏட்டில் இடம் பெறவில்லை. புல்வெளியில் பிறந்து புல்வெளியிலேயே முடியும் ஆயிரக்கணக்கான உயிர்கள் பகையும் அல்ல, நட்பும் அல்ல. ஆகவே எதுவும் அல்ல என்றாயிற்று. பின்னர் டி.டி.டி.யும் பி.எச்.சி. தூளும் வந்தன. டி.டி.டி.யை வேளாண்மையில் பயன்படுத்துவது 1989-இலும், பி.எச்.சி. 1997-இலும் தடைசெய்யப்பட்டன. அதுவரை வீட்டு முற்றத்து எறும்புப் புற்றுக்குக்கூட அத்தூளே தூவப்பட்டது.

சன்னலில் ஒரு குளவிக் கூடு

பூச்சியை அதற்காகவே பார்க்கும் வழக்கம் நம்மிடையே திரும்பியதற்கு ஓர் எடுத்துக்காட்டு, ஜூஜுவாடியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் மாணவராக இருந்த இராகவேந்திர கடக்கர், கல்லூரிச் சன்னல்களில் தொங்கிய காகிதக் குளவிக் கூடுகளைக் கவனிக்கத் தொடங்கினார். இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியலில் டாக்டர் பட்டம் பெற்ற பின்னும் குளவியை விடவில்லை. ரோபாலிடியா மார்ஜினேட்டா என்னும் அக்குளவியைப் பற்றி 2001-இல் முழு நூலே வெளியிட்டார்.

இக்குளவியின் ராணியைப் பார்த்தவுடன் அடையாளம் காண முடியாது. உருவத்தில் வேலைக்காரிதான், குணத்திலோ சாது. அவளை அகற்றிவிட்டால், சில நிமிடங்களுக்குள் ஒரே ஒரு வேலைக்காரி கடுஞ்சினம் கொண்டு எல்லோரையும் அடக்குவாள். சில நாள்களில் அவளே முட்டையிட்டு ராணியாவாள். பின்னர் அவளும் சாதுவாகிவிடுவாள். அடுத்தவர் யார் என்பது குளவிகளுக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது. பார்க்கும் மனிதருக்கு மட்டும் தெரியாது. இதைக் கண்டறியத் தேவைப்பட்ட கருவிகள் எவை? வண்ணப் புள்ளி வைக்க ஒரு தூரிகை, ஒரு குறிப்பேடு, பல ஆண்டுப் பொறுமை. கூட்டைக் குச்சியால் தட்டிவிடாமல் இருந்ததும் ஒரு கருவிதான்.

தரிசு என்னும் சொல்

இனி ஓசூருக்கு வருவோம். மத்திகிரியிலுள்ள கால்நடைப் பண்ணை 1824-இல் படைக் குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்டது. 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு. குதிரைக்கும் மாட்டுக்கும் ஏற்ற புல் இங்கே தாராளமாக வளர்ந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அத்தகைய மேய்ச்சல் நிலம் ஊர்தோறும் சிறிது சிறிதாக இருந்தது. தொழிற்பேட்டை கேட்டபோதும், வீட்டுமனை கேட்டபோதும் முதலில் போனது அதுதான். பட்டா நிலத்தை எடுப்பது கடினம். புறம்போக்கை எடுப்பது எளிது.

வேறொரு வழியிலும் புல்வெளி அழிந்தது. அதைச் சொன்னால் சிலருக்கு வியப்பாக இருக்கும்: மரம் நட்டதால் அழிந்தது. 1970, 80களில் சமூகக் காடு வளர்ப்பு என்ற பெயரில் பெங்களூரைச் சுற்றிய மேட்டு நிலங்களில் தைலமரம் வரிசை வரிசையாக வந்தது. நிழலும் சருகும் விழுந்த இடத்தில் புல் மெலிந்தது. புல்விதை போனால் எறும்பும் போகும். கர்நாடகம் 2017-இல் புதிதாகத் தைலமரம் நடுவதைத் தடைசெய்தது. அதன் முக்கியக் காரணம் நிலத்தடி நீர். புல்வெளியில் மரம் நடுவது காட்டில் மரம் வெட்டுவதற்கு ஒப்பான அழிவு என்பதை நம் பள்ளிப் பாடங்கள் இன்னும் உரக்கச் சொல்வதில்லை.

அடிப்படைக் காரணம் ஒரு சொல் என்றே நான் நினைக்கிறேன். மத்திய அரசு 2000 முதல் பல பதிப்புகளாக வெளியிட்ட தரிசு நிலப் படத்தொகுப்பில், முட்புதரும் புல்லும் உள்ள பரப்புகள் பெரும் அளவில் தரிசு நிலம் என்ற தலைப்பின்கீழ் வருகின்றன. தரிசு என்று எழுதிய பின், அதைப் "பயன்படுத்த" வேண்டும் என்பது தானே வரும் முடிவு. சட்டமும் பெரிதாகத் துணை நிற்பதில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் பூச்சிகள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சிகள். 2019-இல் தமிழ்நாடு தன் மாநில வண்ணத்துப்பூச்சியாகத் தமிழ் மறவனைத் தேர்ந்தெடுத்தது, நல்ல தேர்வு. அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டுக்காரர். சாணம் உருட்டும் வண்டுக்கும், விதை சுமக்கும் எறும்புக்கும் அத்தகைய மரியாதை கிடைக்க நாளாகும்.

பூச்சிகள் குறைகின்றன என்பதை எப்படி அறிவது? ஜெர்மனியில் கிரெஃபெல்டு நகரில் 1905-இல் தொடங்கிய பூச்சியியல் கழகம் ஒன்று உண்டு. உறுப்பினர்கள் பலர் பொழுதுபோக்காக ஈடுபட்டவர்கள். அவர்கள் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரே வகைப் பொறியை வைத்து, விழுந்த பூச்சிகளை எடைபோட்டுக் குறித்து வந்தார்கள். 2017-இல் வெளியான கணக்குப்படி, 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. வெப்பமண்டல நாடுகளில் இத்தகைய நீண்ட குறிப்பேடுகள் மிக அரிது.

நம்பிக்கை தரும் செய்தியும் அருகிலேயே உண்டு. பெங்களூருக்கு வடமேற்கே ஹெசரகட்டா ஏரியை ஒட்டி ஒரு புல்வெளி எஞ்சியிருக்கிறது. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து வரும் பூனைப் பருந்துகள் வெட்டுக்கிளிகளைப் பிடித்து உண்டு காலம் தள்ளும் இடம் அது. அதைக் காப்பகமாக்கும் திட்டத்தைக் கர்நாடக வனவிலங்கு வாரியம் 2021-இல் மறுத்தது. இயற்கை ஆர்வலர்கள் நீதிமன்றம் சென்றார்கள்; ஆண்டுக்கணக்கில் பறவைகளையும் பூச்சிகளையும் குறித்த பட்டியல்கள் அவர்கள் கையில் இருந்தன. 2024-இல் அதே வாரியம் 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பைக் காப்பகமாக்க ஒப்புதல் அளித்தது. எல்லைக்கு இப்பாலும் 2022-இல் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஆனால் அது காடு. ஜூஜுவாடிப் பக்கத்துப் புல்லுக்கு அதனால் பயனில்லை.

எஞ்சியிருப்பவை சாலையோரம், ஏரிக்கரை, பள்ளி மைதானத்தின் மூலை, தொழிற்சாலைச் சுற்றுச்சுவரின் உட்புறம், வீட்டுக் கொல்லை. இவை சிறியவை என்று ஒதுக்க வேண்டாம். பெய்டோல் எறும்புக்குச் சில அடி நிலம் போதும். தனித்து வாழும் நாட்டுத் தேனீக்களில் பெரும்பாலானவை மண்ணில் வளை தோண்டுபவை. தக்காளிப் பூவை அதிர்த்து மகரந்தம் உதிர்க்கும் நீலவரித் தேனீ மண்சுவரிலும் குடியேறும். முற்றம் முழுவதும் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டால் இவற்றுக்கு வாசல் இல்லை. ஆகவே ஒரு மூலையையாவது வெறும் மண்ணாக விடலாம். புல்லை விதை முற்றும்வரை அறுக்காமல் வைக்கலாம். கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழு இருந்தால் அது அழகான கறுப்பு வண்ணத்துப்பூச்சியாகும். நாலு இலை போனால் போகட்டும். எருக்கையும் ஆவாரையையும் ஆடுதீண்டாப்பாளையையும் களை என்று பிடுங்காவிட்டால், அவற்றை நம்பியே முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிகள் தாமாக வரும். வாசலில் அரிசிமாவில் கோலம் போட்ட காலத்தில் எறும்புக்கும் ஒரு பங்கு இருந்தது; கல்மாவு வந்தபின் அதுவும் நின்றது.

மாணவர்கள் தொடங்குவதற்கு ஏற்ற வேலை ஒன்று உண்டு. ஓசூர்ப் பகுதியில் மழை ஓய்ந்து புல் முற்றும் கார்த்திகை முதல் மாசி வரையில், தேய்ந்த புல்தரையில் நடந்து பார்த்தால் ஒரு சிறு துளையும், அதைச் சுற்றி வெளிறிய உமி வளையமும் தென்படும். உமி மட்டும் இருந்தால் அது குப்பை. முழு விதை இருந்தால் உலர்த்தல். இரண்டில் எது, எந்தத் தேதி, முந்தைய நாள் மழை பெய்ததா, எத்தனை துளைகள், பெரிய தலை எறும்பு வெளியே வந்ததா என்று குறித்துக்கொள்ளலாம். புற்றைத் தோண்ட வேண்டாம், தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். உமி எந்தப் புல்லினுடையது என்று தெரியாவிட்டால், சிறிது எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டி வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள புற்கதிர்களை ஒவ்வொன்றாகக் கசக்கி ஒப்பிட்டுப் பார்த்தால், பெரும்பாலும் பத்தடிக்குள் விடை கிடைத்துவிடும்.